தலைக்குள் நான்கு தெருக்கள்

பிப்ரவரி 11, செவ்வாய்

நூற்றுக்கு முப்பத்தெட்டு. பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு குறைவாக வாங்கியதில்லை.

காலையில் பெரிய நிவாரண அமைப்பிலிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள், கையில் பதினொரு பக்கப் படிவம். வெள்ள நேரத்தில் ஓடியாடி வேலை செய்யும் எங்களைப் போன்ற சின்னச் சங்கங்களைப் பலப்படுத்தப் போகிறார்களாம். அதற்கு முன்னால் எங்கள் பலம் எவ்வளவு என்று அளந்து பார்க்க வேண்டுமாம். என் தார்ப்பாய்க் கடையின் தையல் கூடத்திலேயே, மூட்டைகளுக்கு நடுவில் உட்கார வைத்தேன்.

"படுக்கையில இருக்கறவங்க எந்தெந்த வீட்டுல இருக்காங்க?" என்று கேட்டார். ஆற்றோரத்தின் நான்கு தெருக்களிலும் பத்தொன்பது வீடுகளை மூச்சுவிடாமல் சொன்னேன். அசந்துபோனார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இது எங்கயாவது எழுதி இருக்காம்மா?"

"எதுக்கு எழுதணும்? எனக்குத்தான் தெரியுமே."

'இல்லை' என்று குறித்தார். படகு யாரிடம், தொண்டர்கள் யார் யார், கிடங்குச் சாவி எங்கே, எல்லாவற்றுக்கும் என் பதில் ஒன்றுதான்: என்னிடம். எல்லாவற்றுக்கும் அவர் பதிலும் ஒன்றுதான்: 'இல்லை'. கடைசியாக ஒன்று கேட்டார்.

"நீங்க ஒரு மாசம் ஊர்ல இல்லன்னா இதையெல்லாம் யாரு பாத்துப்பாங்க?"

"நான் ஏன் ஊர்ல இல்லாம போறேன்?"

அதற்கும் 'இல்லை'.

இவரிடம் வந்து புலம்பினேன். பஸ் எஞ்சினைப் பிரித்து மாட்டி ஓய்வுபெற்ற மனுஷர், எதற்கும் பதறமாட்டார். "முப்பத்தஞ்சுக்கே பாஸ் போடுவாங்க. மூணு மார்க் அதிகமாத்தான் வாங்கியிருக்க" என்றார். சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 12, புதன்

கோபம் ஆறியதும் யோசித்தேன். அறுபது வாங்கினால் என்ன கிடைக்கும்? ஒரு மோட்டார் படகு. மேலாற்றில் நீர்மட்டம் அளக்கும் இடத்திலிருந்து நேராக எங்கள் கைபேசிக்கே தகவல். எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று: தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டால் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் நாங்களே ஆட்களைக் கிளப்பலாம், செலவுக்கு அவர்கள் பொறுப்பு.

போன வெள்ளத்தில் உத்தரவு வர இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அந்த இரண்டு மணி நேரம்…

செப்டம்பருக்குள் மறுபடி அளப்பார்கள். வாங்கிக் காட்டுகிறேன்.

பிப்ரவரி 19, புதன்

பெரிய நோட்டு ஒன்று வாங்கி எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கம் தாண்டவில்லை. எனக்குத் தெரிந்தது எதுவும் கட்டத்துக்குள் அடங்குவதாக இல்லை. பாலத்தடித் தெருக் கடைசி வீட்டு அம்மாவை யார் கூப்பிட்டாலும் வெளியே வரமாட்டார். அவருடைய பூனையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் திட்டிக்கொண்டே பின்னால் வந்துவிடுவார். இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

பதினோரு வருடத்துக்கு முன்னால், முதல் வெள்ளத்தில், கடையிலிருந்த தார்ப்பாயை எல்லாம் தூக்கிக் கொடுத்தேன். 'தார்ப்பாய் அக்கா' என்று பெயர் வந்தது. அப்படியே சங்கமும் வந்தது. யாரும் எழுதி வைத்துத் தொடங்கவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

கோபம் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

டீச்சர் (எங்கள் சங்கச் செயலாளர், கணக்கு டீச்சர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள்) எங்கள் தொண்டர்களில் ஒருவரான வேன்காரரைக் கூட்டிக்கொண்டு நாலு தெருவும் வீடு வீடாகப் போய்விட்டு வந்திருக்கிறாள். என்னைக் கேட்காமல். கோடு போட்டு, கட்டம் கட்டி, எல்லாம் எழுதியாகிவிட்டது.

நான் சொன்ன பத்தொன்பதில் மூன்று தப்பாம். ஒருவர் இறந்துவிட்டார். ஒருவரை மகன் கூட்டிப்போய்விட்டான். ஒரு அம்மா இப்போது எழுந்து நடக்கிறாராம், "அக்கா இன்னமும் என்னைப் படுக்கையிலயா வெச்சிருக்காங்க?" என்று கேட்டாராம். அதுவாவது போகட்டும். எனக்குத் தெரியாத வீடுகள் ஏழு. ஏழு!

"என்னைக் கேக்காம எதுக்குப் போனீங்க?" என்றேன்.

"கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா? உங்க தலைக்குள்ள இருக்கறது சங்கத்தோடதுக்கா. உங்களுக்கு மட்டும் சொந்தமில்ல."

அவ யாரு எனக்குச் சொல்ல? முதல் வெள்ளத்துல எங்க இருந்தா அவ? "அப்ப நீங்களே நடத்திக்குங்க" என்று வெளியே வந்துவிட்டேன். தெருமுனை வரை வந்த பிறகுதான் உறைத்தது, வெளிநடப்பு செய்தது என் சொந்தக் கடையிலிருந்து என்று. திரும்பிப் போகவும் மானம் இடம் கொடுக்கவில்லை. அவர்கள் கிளம்பும் வரை எதிர்க் கடையில் இரண்டு டீ குடித்தேன்.

மார்ச் 5, புதன்

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இருக்கிறது. நாலு வருடமாக இருக்கிறது.

போன வெள்ளத்தில் உப்புக் கிடங்குத் தெருவில் ஒருவர் இறந்தார். கடிகாரம் பழுதுபார்ப்பவர். ஒரு வீட்டின் பின்னறைக்கு வாடகைக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. காது மந்தம். வீட்டுக்காரர்கள் முன்பக்கம் பூட்டிவிட்டு வெளியூர் போயிருந்தார்கள். பூட்டைப் பார்த்து எல்லாரும் காலி வீடு என்று நினைத்துக் கடந்துபோனார்கள். மூன்றாம் நாள்தான் கண்டெடுத்தோம்.

"யாருக்குத் தெரியும் அங்க ஒருத்தர் இருக்காருன்னு" என்று ஊரே சொன்னது. நானும் தலையாட்டினேன்.

எனக்குத் தெரியும். ஜன்னலுக்கு மறைப்பு வேண்டும் என்று என் கடையில் துண்டுத் தார்ப்பாய் வாங்கிப் போனார். "பின்னாடி ரூம்லதான் இருக்கேன்" என்று கத்திச் சொன்னார், காது மந்தமானவர்கள் சொல்வது போல. நான்தான் அளந்து வெட்டிக் கொடுத்தேன். வெள்ளத்தன்று நான் படகுத்துறையில் நின்றேன். அந்தத் தெருவுக்கு வேறு ஆள் போயிருந்தது. அவரைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. மறந்தே போனேன். எவ்வளவுதான் ஒரு தலையில் நிற்கும்?

இவரிடம்கூடச் சொன்னதில்லை. நோட்டில் எழுத உட்கார்ந்தால் முதலில் இதை எழுத வேண்டும். அதனால்தான் எழுத வரவில்லையோ?

மார்ச் 10, திங்கள்

டீச்சர் வீட்டுக்குப் போனேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அன்னைக்கு அந்தத் தெருவுக்குப் போனது நாந்தான்கா" என்றாள். "பூட்டு தொங்குச்சு. கதவத் தட்டக்கூட இல்ல. நாலு வருஷமா அந்த வீட்டு வழியா நான் போறதில்ல, சுத்திக்கிட்டுதான் பள்ளிக்கூடம் போறேன்."

இரண்டு பேரும் அழுதோம். அவள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு வந்த சுவடு தெரியாமல் போய்விட்டார். பிறகு டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தாள். முதல் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே எழுதினாள்: 'பூட்டியிருந்தாலும் தட்ட வேண்டும். பின்பக்கமும் போய்த் தட்ட வேண்டும்.'

நான் பூனையைப் பற்றிச் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டாள், எந்தத் தலைப்பும் இல்லாமல்.

மார்ச் 20, வியாழன்

படிவக்காரர் மறுபடி வந்தார். (பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவருக்கும் தெரியும்.) அதிகாரம் பண்ணாமல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பொறுப்பாளர், அவர் இல்லாவிட்டால் மாற்றாள் ஒருவர். எட்டுப் பேரைப் போட்டோம்.

"எனக்கு எந்தத் தெரு?" என்றேன்.

"உங்களுக்குத் தெரு கிடையாதும்மா. எங்க ஆள் குறையுதோ அங்க நீங்க."

"அப்ப நான் ஸ்பேர் டயரா?"

வேன்காரர் சொன்னார்: "ஸ்பேர் டயர் இல்லாம நான் வண்டியவே எடுக்க மாட்டேன்கா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன், பாதி மனசாக.

போகும்போது படிவக்காரர் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். "எங்க படிவத்துலயும் கோளாறு இருக்கும்மா. உங்களை மாதிரி ஆளுங்களுக்கு என்ன தெரியும்னு கேக்க அதுல ஒரு கேள்விகூட இல்ல. மாத்தச் சொல்லி மேல எழுதியிருக்கேன்." போன வெள்ளத்துக்கு அவர்கள் லாரி ஐந்தாம் நாள் வந்து, கொளுத்தும் வெயிலில் கம்பளிப் போர்வையாக இறக்கிவிட்டுப் போனதைச் சொன்னேன். காது சிவந்துபோனார். நல்ல பிள்ளைதான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஒத்திகை. நோயாளியாக இவரைப் படுக்க வைத்தோம். வாயை மூடிக்கொண்டு கிடக்கச் சொன்னால் கேட்டால்தானே? "இடது பக்கம் தூக்கு… படி வருது பாரு… கிளட்ச்ச விடாத!" என்று நோயாளியே தூக்குகிறவர்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். படகுத்துறை முனையில் கை நழுவித் தொப்பென்று விழுந்தார். அடி இல்லை. "நெசமான நோயாளி இப்படித் திட்ட மாட்டாரு" என்றார் வேன்காரர்.

நாலு தெருவும் காலியாக மூன்று மணி நேரம். ரொம்ப அதிகம். பள்ளிக்கூட மாடியில் பாதிப் பேருக்குத்தான் இடம். அதைவிட மேடான இடம் ஓட்டுக்காரரின் கிடங்கு ஒன்றுதான், கூரை ஓடு மொத்த வியாபாரம் செய்கிறாரே, அவருடையது. அந்த ஆளைப் பற்றி இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

மகள் கூப்பிட்டாள். இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதாம். படுத்தே இருக்க வேண்டும், பயணம் கூடாது. ஜூன் நடுவில் பிரசவம். மாப்பிள்ளை கப்பலில், ஜூலைக்கு முன் வரமுடியாது.

"நீ வந்து இரும்மா."

"மழை வந்துச்சுன்னா இங்க…" என்று ஆரம்பித்தேன். பழக்கதோஷம்.

"ஜூன்ல எங்கம்மா மழை?" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "நான் பட்டம் வாங்கினப்ப வெள்ளம். எனக்கு ஆபரேஷன் நடந்தப்ப வெள்ளம். நான் எப்பக் கூப்பிட்டாலும் உனக்கு வெள்ளந்தான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

ஏப்ரல் 28, திங்கள்

'போகாதீங்கக்கா, நீங்க இல்லாம எப்படி' என்று டீச்சர் சொல்வாள் என எதிர்பார்த்துத்தான் போனேன். இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

"போய்ட்டு வாங்கக்கா" என்றாள். ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை!

ஜூனில் இந்த ஆறு முட்டிக்கு மேல் வந்து நான் பார்த்ததில்லை. போகிறேன்.

மே 14, புதன்

பஸ்ஸில் எட்டு மணி நேரம். மகள் வீடு மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. முகம் வீங்கிக் கிடக்கிறாள். என்னைப் பார்த்ததும், "நெசமாவே வந்துட்டியா?" என்றாள்.

கிளம்பும் முன் சங்கக் கிடங்கின் சாவியை வேன்காரரிடம் கொடுத்தேன். என் சாவிக்கொத்திலிருந்து அது கழலவே மாட்டேன் என்றது. துரு. இவர்தான் எண்ணெய் விட்டுக் கழற்றிக் கொடுத்தார்.

மே 29, வியாழன்

படிவக்காரர் மறுபடி அளந்துவிட்டாராம், அறுபத்து நான்கு; படகு பிறகு வரும், நீர்மட்டத் தகவலும் நாங்களே ஆட்களைக் கிளப்பும் அனுமதியும் இப்போதே. இன்று டீச்சரை நான்கு முறை கூப்பிட்டேனாம். மகள் எண்ணியிருக்கிறாள். "பாவம்மா அவங்க. புதுசாக் கல்யாணமானவங்ககூட இத்தன தடவ பேச மாட்டாங்க."

அவள் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டேன். எத்தனை வருடமாகிறது, தெரியவில்லை.

ஜூன் 7, சனி

மூன்று நாளாக மழை. ஜூன் மாதத்தில்! இங்கே பெய்வது பெரிதில்லை; மேலாற்றுப் பக்கம் கொட்டித் தீர்க்கிறதாம். மழைக்கென்று கணக்கு வைத்திருந்த மாதமெல்லாம் இப்போது இடம் மாறிவிட்டது. டீச்சரைக் கூப்பிட்டேன். நீர்மட்டம் மஞ்சள் கோட்டில் என்றாள். குரலில் பதட்டம் இல்லை. நான்தான் கைபேசியைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

காலை பத்து மணிக்குச் சிவப்பு.

செய்தி என் கைபேசிக்கும் வந்தது. உடனே கூப்பிட்டேன். பின்னால் விசில் சத்தம், யாரோ ஓடுகிற சத்தம்.

"பெரிய ஆபீஸ்ல கேட்டாச்சா?"

"ஞாயித்துக்கிழமைக்கா, யாரும் எடுக்கல. எடுக்கணும்னு அவசியமும் இல்ல. ஆரம்பிச்சாச்சு."

"உப்புக் கிடங்குத் தெருவுல முதல்ல—"

"அக்கா, இந்த லைன் வேணும். நீங்க சொல்றதெல்லாம் நோட்டுல இருக்கு. வெக்கறேன்."

வைத்துவிட்டாள். என் போனை. நான் பேசிக்கிட்டு இருக்கும்போதே.

பையில் இரண்டு புடவையைத் திணித்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டேன். மகள் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போறதுன்னா போம்மா. பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொல்லிக்கறேன்."

முகத்தில் கோபமே இல்லை. பழகிப்போன முகம். அவள் பழகிப்போகும்படி நான்தானே வைத்தேன்?

அங்க போய் நான் என்ன பண்ணப் போறேன்? எட்டு மணி நேரம். பாலத்துக்கு அந்தப் பக்கம் பஸ் போகுமோ என்னவோ. போனாலும் எந்தத் தெருவில் நிற்பேன்? எல்லாத் தெருவிலும் ஆள் இருக்கிறது.

செருப்பைக் கழற்றினேன்.

மதியம் போன் இல்லை. மூன்று மணி, இல்லை. நான்கு மணி, இல்லை. மகளின் துணிகளை மடித்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன். கடிகாரக்காரர் ஞாபகமாகவே இருக்கிறது. யாராவது தட்டுவார்களா? பின்பக்கம் போவார்களா?

ஜூன் 9, திங்கள்

விடிந்ததும் மகளுக்கு வலி. ஆஸ்பத்திரி. என் கையை அவள் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. பதினொன்று நாற்பதுக்குப் பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. அழுகை அந்த மாடி முழுக்கக் கேட்டது. மகள் சிரித்தாள். நான் அங்கே இருந்தேன். அவள் கண் திறந்து தேடியபோது அங்கே இருந்தேன்.

பன்னிரண்டரைக்கு இவர் போன்.

"தண்ணி நம்ம ஜன்னல் வரைக்கும் வந்துடுச்சு. விடியக்காலைல வந்துச்சு. டவரு நேத்தே போச்சு, இப்பத்தான் லைன் கெடச்சுது."

"ஆளுங்க?"

"நேத்து மத்தியானம் ஒரு மணிக்குள்ளயே நாலு தெருவும் காலி. நானூத்திப் பன்னண்டு பேரு. டீச்சர் எண்ணி முடிச்சுட்டு, நம்பாம இன்னொரு தடவ எண்ணினாங்க."

"ஒருத்தர்கூட…?"

"ஒருத்தர்கூட இல்ல. எல்லாரும் பத்திரமா இருக்காங்க. அழாத. என்ன, அழறது நீயா இல்ல வேற யாராவதா?"

"உங்க பேத்தி" என்றேன்.

எதற்கும் பதறாத மனுஷர். யாரிடமோ கத்தினார், "எனக்குப் பேத்தி பொறந்துருக்கா!" என்று. பெரிய கூட்டம் ஒன்று ஓவென்று கூவியது.

"எங்க இருக்கீங்க? பள்ளிக்கூட மாடியிலயா?"

"அது கூரைய பிரிச்சுப் போட்டிருக்கு, ரிப்பேரு. நாங்க ஓட்டுக்காரர் கிடங்குல இருக்கோம்."

"யாரு கிடங்குல?"

"சரியாத்தான் கேட்டுது உனக்கு" என்றார்.

ஜூன் 10, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஓட்டுக்காரர் தன் கிடங்கைச் சுற்றி மதில் எழுப்பினார். அதனால்தான் உப்புக் கிடங்குத் தெருவில் தண்ணீர் தேங்குகிறது என்று நடுத்தெருவில் நின்று அவரைக் கிழிகிழியென்று கிழித்தேன். அதோடு பேச்சுவார்த்தை இல்லை. நான் பேசாததால் சங்கமும் பேசவில்லை. ஊரிலேயே மேடான இடம், நல்ல கூரை, இரண்டு கிணறு. ஒன்பது வருடமாக ஒரு வெள்ளத்துக்கும் அதை நான் கேட்கவில்லை. அவர் கொடுக்கமாட்டார் என்று எனக்குத் 'தெரியும்'.

டீச்சர் எப்போது கேட்டாளாம்? நான் இங்கே மகள் வீட்டுக்கு வந்த மறுநாளே. அவர் என்ன சொன்னாராம்? "சரி."

ஜூன் 22, ஞாயிறு

மாப்பிள்ளையின் அக்கா வந்து மகளுக்குத் துணையாக இருக்கிறார். ஊருக்கு வந்தேன். சுவரெல்லாம் இடுப்பளவில் சேற்றுக் கோடு. தையல் மெஷினை இவர் பரணில் ஏற்றிக் காப்பாற்றியிருக்கிறார். கீழ்த்தட்டில் இருந்த தார்ப்பாய் மூட்டைகள் ஊறிப்போய்விட்டன. மேலே ஏற்றச் சொல்லி நோட்டில் இல்லை. எனக்குத் தெரியும், சொல்ல விட்டுப்போயிற்று. டீச்சர் இப்போது எழுதிக்கொண்டாள்.

வேன்காரர் இரண்டு கையையும் காட்டினார். முழங்கை வரை கீறல். "பூனையத் தூக்குன்னு எழுதியிருந்தீங்களே, அது கடிக்கும்னு எழுத வேண்டாமா?" ஆனால் அந்த அம்மா பின்னாலேயே வந்துவிட்டாராம், வழி நெடுக அவரைத் திட்டிக்கொண்டு.

பெரிய அமைப்பின் லாரி மூன்றாம் நாள் வந்திருக்கிறது. இறங்கிய அதிகாரி, "இங்க யாரு பொறுப்பு?" என்று கேட்டாராம். டீச்சர் பட்டியலை நீட்டியிருக்கிறாள். குளோரின் மாத்திரை, கைக்குழந்தைகளுக்குத் துணி, மண்வெட்டி. அடுத்த நாள் அது மட்டும் வந்து இறங்கியது. ஒரு கம்பளிகூட இல்லை. படிவக்காரர் தானே மண்வெட்டி எடுத்து இரண்டு நாள் சேறு அள்ளினாராம்.

மாலையில் டீச்சர் என்னைப் படகுத்துறைக்குக் கூட்டிப்போனாள். பழைய படகுக் கொட்டகை, முன்கதவில் பெரிய பூட்டு. அது எங்கள் பட்டியலிலேயே இல்லாத இடம், யாரும் குடியிருப்பதில்லை. அதை ஒட்டிய தெருவின் பொறுப்பாளருக்கு வெள்ளத்தன்று காய்ச்சல். மாற்றாளாகப் போனது சலவைக்காரரின் மனைவி. பூட்டிய கதவைத் தட்டிவிட்டுப் பின்பக்கம் சுற்றிப்போய்த் தட்டியிருக்கிறார். உள்ளே கணவன், மனைவி, நான்கு மாதக் குழந்தை. வேலை தேடி வந்து, கேட்க ஆளில்லை என்று முந்தின வாரம்தான் அங்கே தங்கியிருக்கிறார்கள். தகவல் எதுவும் தெரியாமல் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்களாம்.

தண்ணீர்க் கோடு அந்தக் கொட்டகையின் கூரையில் இருந்தது.

வீடு திரும்பும்போது டீச்சர் உப்புக் கிடங்குத் தெரு வழியாக நடந்தாள்.

ஜூன் 24, செவ்வாய்

ஓட்டுக்காரரைப் பார்க்கப் போனேன். கிடங்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, வேலையாட்கள் இரண்டு பேர் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

"நன்றி சொல்ல வந்தேன்" என்றேன்.

"இத்தன வருஷத்துல ஒரு வார்த்த கேட்டிருந்தா அப்பவே தொறந்து விட்டிருப்பேன்மா."

"நீங்களா வந்து சொல்லியிருக்கலாமே?"

"உங்ககிட்டயா? அன்னைக்கு வாங்கின திட்டே இன்னும் செரிக்கல."

சிரித்துவிட்டேன். அவரும். மதிலைப் பற்றிக் கேட்டேன். இரண்டு இடத்தில் உடைத்து வாய்க்கால் விடப்போவதாகச் சொன்னார். டீச்சர் அளவெடுத்துப் படம் போட்டுக் கொடுத்துவிட்டாளாம். எனக்கு மிச்சம் வைக்கவே மாட்டாளா இந்தப் பெண்?

ஜூலை 13, ஞாயிறு

சங்கக் கூட்டம். இத்தனை வருடம் என்னிடம் இருந்த தலைவர் பொறுப்புக்கு டீச்சர் பெயரை நான் சொன்னேன். வேன்காரர் வழிமொழிந்தார். கை தூக்கச் சொல்வதற்குள் எல்லாருடைய கையும் மேலே போயிருந்தது. கொஞ்சம் வலித்தது. பொய் சொல்லி என்ன பயன்? கொஞ்சம்தான்.

பாலத்தடித் தெருவுக்கு வேன்காரர் பொறுப்பாளர். அவருக்குக் கீழே நான். ஸ்பேர் டயருக்கு ஒரு வண்டி கிடைத்துவிட்டது. முதல் வேலையாக, தார்ப்பாய் வைக்க உயரமான தட்டு அடித்துத் தரச் சொல்லியிருக்கிறார். "வியாழக்கெழமைக்குள்ள முடிச்சிடுங்கக்கா" என்றார். எனக்கே கெடு வைக்கிறார்!

ஆகஸ்ட் 8, வெள்ளி

மோட்டார் படகு வந்துவிட்டது. ஆரஞ்சு நிறம். இவர் எஞ்சினைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், மூன்று வேளைச் சாப்பாடும் துறைக்கே போயிற்று.

செப்டம்பர் 5, வெள்ளி

கீழாற்று ஊரிலிருந்து ஐந்து பெண்கள் வந்திருந்தார்கள். அங்கேயும் ஒரு சங்கம் தொடங்க வேண்டுமாம். எங்கள் நோட்டைப் பார்த்தார்கள், பிரதி எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் டீச்சரும் வேன்காரரும் அங்கே போய் நான்கு நாள் தங்குகிறார்கள். சலவைக்காரரின் மனைவியையும் அழைத்துப்போகிறார்கள். கதவு தட்டுவது எப்படி என்று அவர்தான் சொல்ல வேண்டும் என்றாள் டீச்சர்.

மகள் நேற்றுக் கூப்பிட்டாள். மாப்பிள்ளை மறுபடி கப்பலுக்குப் போகிறார், அவளும் வேலைக்குத் திரும்ப வேண்டும். பேத்தி குப்புற விழுகிறாளாம்.

கூட்டம் முடிந்ததும் டீச்சரிடம் போய் நின்றேன். "லீவு வேணும்."

"எத்தன நாள்கா?"

"மூணு வாரம்."

"சரி. பாலத்தடித் தெருவுக்கு மாத்தாள் போட்டுடறேன்." தலை நிமிராமல் எழுதிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, "போட்டோ அனுப்புங்க" என்றாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மகள் வீட்டில் எழுதுகிறேன். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பாலத்தைக் கடக்கும்போது ஆறு பாதிக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது, மேகமும் கருத்திருந்தது. பார்த்தேன். பாலம் தாண்டியதும் கண் சொக்கியது. பக்கத்தில் இருந்த அம்மா தோளைத் தட்டி எழுப்பும் வரை தூங்கியிருக்கிறேன். மகள் ஊர் வந்துவிட்டிருந்தது.